தடைக்காலத்தில் லேத் நிற்கக் கூடாது

பாம்பன் தீவில் லேத் பட்டறை நடத்துகிறவனுக்கு வருடம் பிறப்பது சித்திரை ஒன்றில், வேலை பிறப்பது அதற்கு மறுநாள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. வருடம் முழுக்கத் தள்ளிப்போட்ட மராமத்து எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள்தான் நடந்தாக வேண்டும். ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் என்று வரிசையாகப் போட்டுகளைக் கரையேற்றுவார்கள். பலகை மாற்றுவது, இடுக்கை அடைக்கக் கலப்பத்து அடிப்பது, பெயிண்ட் என்று ஒரு பக்கம் ஓடும். ப்ரொப்பல்லர் ஷாஃப்டை உருவி, அதைத் தாங்குகிற, தேய்ந்துபோன கன்மெட்டல் உருளையான புஷ்ஷைக் கையில் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வருவது இன்னொரு பக்கம்.

எல்லோருக்கும் ஒரே தேதிதான் கெடு. ஜூன் 15 அன்று போட்டு இறங்காவிட்டால் சம்மாட்டிக்கு, அதாவது போட்டின் முதலாளிக்கு, அந்த வருடத்தின் முதல் பாடு போய்விடும். ஓய்ந்திருந்த கடலில் முதல் நாள் கிடைக்கிற மீன் அடுத்த வாரம் கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் "அண்ணே, இன்னைக்கு முடிஞ்சுருமா?" என்று ஒரு நாளைக்குப் பல பேர் கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் தப்பில்லை.

என்னிடம் இரண்டு மெஷின். ஒன்று அப்பா போட்ட ஒன்பதடி லேத். நீள ஷாஃப்ட் எல்லாம் அதில்தான் ஏறும். இன்னொன்று கோயம்புத்தூரில் பழையதாக வாங்கிய சிஎன்சி லேத், கம்ப்யூட்டர் கண்ட்ரோலர் சொல்கிறபடி தானே வெட்டுகிற லேத். புஷ், கப்ளிங், ப்ரொப்பல்லர் நட், கிளாண்ட், ஷாஃப்ட் முனை டேப்பருக்குப் பொருந்துகிற ஸ்லீவ் என்று சின்ன வேலை, ஒரே மாதிரி வேலை, அளவு பிசகக் கூடாத வேலை எல்லாம் அதற்கு. அதன் கண்ட்ரோலர் 2023 மே மாதம், தடைக்காலத்தின் நட்ட நடுவில், உயிரை விட்டது. அந்த மெஷினைக் கட்டற்ற மென்பொருளால், அதாவது எவரும் திறந்து பார்த்து மாற்றக்கூடிய மென்பொருளால், மறுபடி ஓட வைத்த கதைதான் இது.

நடந்தது இதுதான். அந்தக் காலத்து கண்ட்ரோலர்களில் மெஷினின் பாராமீட்டர் எல்லாம் ஒரு சின்ன லித்தியம் பேட்டரியின் தயவில்தான் மெமரியில் நிற்கும். எந்த அச்சு எவ்வளவு தூரம் போகலாம், டூலை நகர்த்துகிற பால் ஸ்க்ரூவின் பிட்ச் என்ன, ஹோம் சுவிட்ச் எங்கே இருக்கிறது எல்லாம் அதில் அடக்கம். பேட்டரியில் சார்ஜ் இருந்தது. பேட்டரியைப் பிடித்திருந்த ஹோல்டரின் கால்தான் உப்பு தின்று அற்றுப் போயிருந்தது. இந்தக் கரையில் காற்றே அப்படி. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகமான செக்ரியின் விஞ்ஞானிகள் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் தகடுகளைக் காயப்போட்டு ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள் என்றால் இங்குள்ள காற்றின் கைவரிசை புரியும். ராத்திரி மெஷினை அணைத்துவிட்டுப் போனேன். காலையில் ஸ்கிரீன் வந்தது, மெஷின் வரவில்லை.

கண்ட்ரோலர் கம்பெனிக்குப் போன் போட்டேன். பெயர் வேண்டாம். அந்த மாடலை நிறுத்தி வருடக்கணக்காகிறதாம். பாராமீட்டரை நானே ஏற்றலாம் என்றால் அந்த மெனுவுக்குப் பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டு மெஷினைக் கட்டியவர்களிடம் இருக்குமாம். மெஷினைக் கட்டிய கம்பெனி மூடிப்போய் அந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறதாம். சர்வீஸ் ஆளை அனுப்பச் சொன்னேன். அது பாம்பன் ரயில் பாலத்தில் வண்டி ஓடாத காலம். பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் நிறுத்திய ரயில், புதுப் பாலம் திறந்த 2025 ஏப்ரல் வரை மண்டபத்தோடு நின்றது. ஆள் வந்து சேரவே நாளானது. வந்தவர் நல்ல மனிதர். கதவைத் திறந்து பார்த்துவிட்டு, போர்டு மொத்தமாக மாற்ற வேண்டும், அந்த போர்டு கிடைக்காது, புதுக் கண்ட்ரோலர் போடுங்கள் என்றார். விலை, நான் மெஷினையே வாங்கிய விலையில் பாதிக்கு மேல்.

மெஷினில் இரும்பு அத்தனையும் நன்றாக இருந்தது. பெட் தேயவில்லை. பால் ஸ்க்ரூ, ஹைட்ராலிக் சக், அச்சுகளை நகர்த்துகிற இரண்டு சர்வோ மோட்டார், அவற்றுக்குக் கரண்ட் கொடுக்கிற டிரைவ், எல்லாம் ஓடுகிற நிலையில். என் பணம் கொடுத்து வாங்கிய மெஷினின் அளவுகளை எனக்கே சொல்ல மாட்டேன் என்று ஒரு பூட்டு. அந்தப் பூட்டைத் திறக்கிற சாவி உலகத்தில் யாரிடமும் இல்லை. அந்த சீசன் முழுக்க அப்பாவின் லேத்தில் இரவும் பகலும் நின்று ஓட்டினோம். பல வேலையைத் திருப்பி அனுப்பவும் செய்தோம்.

கட்டற்ற மென்பொருளில் மெஷின் ஓட்டுவதைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் விலையைச் சொல்வதில்லை. காசு மிச்சம் என்பது உண்மைதான், ஆனால் அது பின்னால் வருகிற லாபம். கோயம்புத்தூரிலோ ஹோசூரிலோ இருப்பவருக்கு சர்வீஸ் ஆள் மத்தியானத்துக்குள் வந்துவிடுவார். ரோடு முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில் இருப்பவனுக்கு, தன் கையால் திறந்து பார்க்க முடிகிற கண்ட்ரோலர்தான் கண்ட்ரோலர்.

நான் போட்டது லினக்ஸ்சிஎன்சி, சாதாரணக் கம்ப்யூட்டரையே மெஷினின் கண்ட்ரோலராக ஆக்குகிற கட்டற்ற மென்பொருள். யாரோ பையன்கள் விளையாட்டாகச் செய்தது என்று இதை நினைக்கிறவர்கள் உண்டு, அதனால் அதன் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டி 1990-களில் 'என்ஹான்ஸ்டு மெஷின் கண்ட்ரோலர்', சுருக்கமாக இஎம்சி, என்று ஒன்றை எழுதியது. ஒவ்வொரு கம்பெனியும் தன் கண்ட்ரோலரைப் பூட்டி வைத்திருந்தால் தொழில் வளராது, திறந்த அமைப்பு ஒன்று வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். ஜெனரல் மோட்டார்ஸின் ஆலை ஒன்றில், பெரிய மெஷினிங் சென்டரில் ஏற்றி ஓட்டியும் பார்த்தார்கள். அரசு ஊழியர்கள் எழுதியது என்பதால் அதற்குப் பதிப்புரிமை இல்லை, பொதுச் சொத்தாகவே வெளியே வந்தது. பிறகு தன்னார்வலர்கள் எடுத்து வளர்த்தார்கள். 2011-ல், இஎம்சி என்ற பெயரில் வேறொரு பெரிய கம்பெனி இருந்ததால், லினக்ஸ்சிஎன்சி என்று பெயரை மாற்றினார்கள். இப்போது ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது. அதாவது எவரும் இறக்கலாம், ஓட்டலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது மூலநிரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், பூட்டிக் கொடுக்கக் கூடாது. நாளைக்கு இதை எழுதுகிறவர்கள் எல்லோரும் கையைக் கழுவினாலும் என் கம்ப்யூட்டரில் இருக்கிற பிரதி என்னுடையது, அதை யாரும் நிறுத்த முடியாது. கல்யாண மண்டபம் ஆன கதை இதற்கு வராது.

இனி மெஷினுக்கு வருகிறேன்.

ஆபீசில் தூக்கிப்போடுகிற ஒரு சாதாரண டெஸ்க்டாப், கம்ப்யூட்டரையும் மெஷினையும் சேர்க்கிற, மேசா கம்பெனியின் ஒரு ஈதர்நெட் போர்டு, புது ரிலே, புது ஒயர். வாங்கியது இவ்வளவுதான். சர்வோ மோட்டாரையும் டிரைவையும் மாற்றவே இல்லை. அந்த டிரைவ்கள் பழைய முறை: மைனஸ் பத்து வோல்ட்டிலிருந்து ப்ளஸ் பத்து வோல்ட் வரை கொடுத்தால் அதற்கேற்ற வேகத்தில் மோட்டார் சுற்றும். எங்கே நிற்க வேண்டும் என்பதை கண்ட்ரோலர்தான், எவ்வளவு சுற்றியது என்று எண்ணிச் சொல்கிற என்கோடரைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டும். லினக்ஸ்சிஎன்சி அந்தக் கணக்கை விநாடிக்கு ஆயிரம் தடவை போடுகிறது. ஒவ்வொரு மில்லி விநாடியும் என்கோடரைப் படிக்கும், இருக்க வேண்டிய இடத்துக்கும் இருக்கிற இடத்துக்கும் வித்தியாசம் பார்க்கும், வோல்ட்டைத் திருத்தி அனுப்பும். பழைய டிரைவ் என்பதற்காக எதையும் குப்பையில் போடச் சொல்லவில்லை. இது எனக்கு ரொம்பப் பெரிய விஷயம். அந்த டிரைவும் மோட்டாரும் புதிதாக வாங்கப் போனால் நான் கடனாளி.

சாதாரணக் கம்ப்யூட்டர் இதைச் செய்யுமா என்று நியாயமாகவே கேட்பார்கள். நேரம் தவறாத லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையம், வேண்டும், அதற்கு ப்ரீஎம்ப்ட் ஆர்டி என்று ஒரு சேர்க்கை பல வருடமாகத் தனியாக இருந்தது. 2024-ல் வெளிவந்த லினக்ஸ் 6.12-ல் அது மூல கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. கூடவே லேட்டன்சி டெஸ்ட் என்று ஒரு கருவி தருகிறார்கள். அதை ஓட விட்டு, பக்கத்திலேயே வீடியோ, கோப்பு நகல் என்று கம்ப்யூட்டருக்குத் தொந்தரவு கொடுத்துப் பார்க்கலாம். அதிகபட்சம் எவ்வளவு தாமதித்தது என்று நானோ விநாடியில் காட்டும். எந்தக் கம்ப்யூட்டர் ஆகும், எது ஆகாது என்று நம்பிக்கையின் பேரில் இல்லாமல் எண்ணைப் பார்த்து முடிவு செய்ய முடிந்தது.

ஒயரிங்குக்குக் கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா வந்தார், இந்தக் கரை முஸ்லிம்களிடம் காக்கா என்றால் அண்ணன். வளைகுடாவில் பல வருடம் பேனல் வேலை பார்த்து ஊர் திரும்பியவர். கம்ப்யூட்டரில் லினக்ஸைப் பார்த்ததில்லை, ஆனால் ஒயரைப் பார்த்தால் அது எங்கிருந்து எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். லினக்ஸ்சிஎன்சியில் 'ஹால்' என்று ஒரு பகுதி உண்டு. அதன் ஃபைலைத் திறந்து காட்டினேன். மென்பொருளின் ஒவ்வொரு துண்டுக்கும் அதில் பின்கள், ஒயர் சேர்கிற முனை மாதிரியானவை, இருக்கும். ஒரு பின்னையும் இன்னொரு பின்னையும் சிக்னல் சேர்க்கும். ஒரு சிக்னலில் எழுதுகிற பின் ஒன்றே ஒன்றுதான், அதைப் படிக்கிற பின் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் படித்தார்.

"தம்பி, இது பேனல் டிராயிங் மாதிரியேல்ல இருக்கு."

"ஆமா காக்கா. இதுல இழுத்த ஒயரைக் கத்திரி இல்லாம மாத்தலாம்."

"பாஸ்வேர்டு எங்க கேக்கும்?"

"எங்கயும் கேக்காது."

அதன் பிறகு ஹால் ஃபைலில் பாதியை அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். சக் பிரஷர் சுவிட்ச்சை அவர்தான் கேட்டு வாங்கினார். ஹைட்ராலிக் பிரஷர் குறைந்தால் ஸ்பிண்டில் சுற்றவே கூடாது, சுற்றிக்கொண்டிருந்தால் நிற்க வேண்டும். லினக்ஸ்சிஎன்சியில் அதற்கென்றே ஸ்பிண்டில் இன்ஹிபிட் என்று ஒரு பின் இருக்கிறது. சுவிட்ச்சிலிருந்து அதற்கு ஒரு வரி எழுதினோம், முடிந்தது. கூலண்ட் வராவிட்டால் ஃபீட் நிற்கிற மாதிரி இன்னொரு வரி. இந்த ஃபீட் இன்ஹிபிட்டை எழுதியவர்கள் ஒன்றை யோசித்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள்: த்ரெட் வெட்டுகிற நடுவில் இந்த சிக்னல் வந்தால் உடனே நிறுத்தாது, அந்த வெட்டு முடிந்த பிறகுதான் நிறுத்தும். பாதியில் நிறுத்தினால் த்ரெட்டும் போகும், டூலும் போகும். லேத் முன்னால் நின்ற ஒருவர்தான் இதை எழுதியிருக்க முடியும் என்று அந்தப் பக்கத்தைப் படித்தபோது மனசுக்குள் கும்பிட்டேன்.

இந்த மெஷின் எனக்குக் கொடுத்ததில் மிகப் பெரியது எது என்றால் ஹால்ஸ்கோப்பைச் சொல்வேன். அதை ஒரு சம்பவத்தோடு சொன்னால்தான் விளங்கும்.

கப்ளிங் போல்ட் வெட்டிக்கொண்டிருந்தோம். எஸ்எஸ் கம்பி, த்ரெட் வெட்டுகிற ஜி76 கட்டளை. ஒரு த்ரெட்டை ஒரே வெட்டில் எடுக்க முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வெட்டு. ஒவ்வொரு வெட்டும் அதே பள்ளத்தில் விழ வேண்டும். அதற்காக, ஸ்பிண்டில் என்கோடர் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கொடுக்கிற இன்டெக்ஸ் என்கிற பல்ஸுக்குக் காத்திருந்துதான் ஒவ்வொரு வெட்டும் கிளம்பும். வரிசையாக நல்ல போல்ட்டாக வந்துகொண்டிருக்கும், திடீரென ஒன்றில் டூல் பள்ளத்தை விட்டு மேட்டில் ஏறி த்ரெட்டைச் சீவிவிடும். அடுத்தது மறுபடி நல்லதாக வரும். இந்த மாதிரி எப்போதாவது வருகிற கோளாறுதான் பட்டறைக்காரனைக் கொல்லும். எப்போதும் வருகிற கோளாறைப் பிடித்துவிடலாம்.

பழைய கண்ட்ரோலராக இருந்தால் ஒரு அலாரம் நம்பர் வந்திருக்கும், அல்லது அதுவும் வந்திருக்காது. ஹால்ஸ்கோப் என்பது மென்பொருளுக்குள் ஓடுகிற எந்த சிக்னலையும் அலைக்கோடாகத் திரையில் வரைந்து காட்டுகிற கருவி, லினக்ஸ்சிஎன்சியோடு கூடவே வருகிறது. இன்டெக்ஸ் வருகிற நொடியில் என்கோடரின் எண்ணிக்கை என்ன என்பதை மேசா போர்டு பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த எண்ணை ஒரு சேனலில் போட்டேன். என் என்கோடரில் ஒரு சுற்றுக்கு 1024 கோடு, நான்கு மடங்காக எண்ணினால் 4096. ஆக, ஒரு இன்டெக்ஸுக்கும் இன்னொரு இன்டெக்ஸுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் எப்போதும் 4096-ன் மடங்காகத்தான் வர வேண்டும். நல்ல போல்ட் வெட்டும்போதெல்லாம் அப்படியே வந்தது. ஒரு தடவை, வரவே கூடாத எண் ஒன்று வந்து விழுந்தது. விழுந்த அதே வெட்டில் டூல் மேட்டில் ஏறியது. ஸ்பிண்டில் இன்டெக்ஸ் இடத்துக்கு வராமலே யாரோ "இன்டெக்ஸ் வந்தாச்சு" என்று பொய் சொல்கிறார்கள்.

பொய் சொன்னவரைத் தேட அதிக நேரம் ஆகவில்லை. என்கோடர் கேபிளின் கனெக்டரைக் கழற்றினோம். வெளி மின் இரைச்சலைத் தடுக்கிற ஷீல்டு ஒயர் சேர்கிற பின்னில் பச்சை பூத்திருந்தது. பின் வெளியே பார்க்க முழுசாக இருந்தது, காக்கா மீட்டரை வைத்தால் தொடர்ச்சி விட்டு விட்டுக் காட்டியது. ஷீல்டுக்குப் பிடிமானம் போனதும் பக்கத்தில் ஸ்பிண்டில் மோட்டாரை ஓட்டுகிற விஎஃப்டி என்கிற வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மின் இரைச்சல் இன்டெக்ஸ் ஒயரில் ஏறியிருக்கிறது. கனெக்டரையே தூக்கிப்போட்டு, ஒயரை நேரே சாலிடர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஏற்றி, கேபிளை விஎஃப்டி ஒயரிலிருந்து தள்ளிக் கொண்டுபோனோம். மறுபடி ஹால்ஸ்கோப்பைப் போட்டு அன்று சாயந்திரம் வரை எண்ணைப் பார்த்துக்கொண்டே போல்ட் வெட்டினேன். 4096-ன் மடங்கைத் தவிர வேறெதுவும் வரவில்லை.

உப்புக் காற்றில் எந்தக் கண்ட்ரோலரும் பச்சை பூக்கும். கட்டற்ற மென்பொருள் போட்டால் உப்பு விலகிப் போய்விடாது. பூத்தது எந்தப் பின் என்று எனக்குத் தெரிய வருகிறது, அதுதான் வித்தியாசம்.

இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பார்க்க சம்மாட்டிகள் நின்று போகிறார்கள். புஷ்ஷின் உள்பக்கம் சுழல் போல ஒரு காடி வேண்டும், கிரீஸும் தண்ணியும் நீளம் முழுக்கப் பரவ. முன்பெல்லாம் உளியாலும் கிரைண்டராலும் கையால் எடுப்போம். காடியின் ஓரம் பிசிறாக இருந்தால் அதுவே ஷாஃப்டைச் சுரண்டும். சாதாரண லேத்தின் கியர் பாக்ஸில் அவ்வளவு நீள லீடு, அதாவது ஒரு சுற்றில் டூல் நகர்கிற தூரம், கிடையாது. ஜி33 கட்டளையில் ஒரு சுற்றுக்கு 100 மில்லி லீடு கொடுத்து, ஸ்பிண்டிலை 20 ஆர்பிஎம்மில் ஓட்டினால் டூல் நிமிடத்துக்கு 2000 மில்லி வேகத்தில் புஷ்ஷுக்குள் போய் வருகிறது. உருண்டை மூக்கு டூல், மெல்லிய வெட்டுகளாக, ஒவ்வொன்றும் அதே காடியில். லீடு எவ்வளவு வேண்டும், காடி எங்கே தொடங்கி புஷ்ஷின் முனைக்கு முன்னால் எங்கே முடிய வேண்டும் எல்லாம் புஷ்ஷுக்குப் புஷ் மாறும். அதற்கு ஒரு சின்ன சப்ரூட்டீன், துணை புரோகிராம், எழுதி வைத்திருக்கிறேன். விட்டம், நீளம், லீடு, ஆழம் நான்கைக் கொடுத்தால் போதும். இதற்கென்று எந்தக் கம்பெனியும் எனக்கு 'ஆப்ஷன்' விற்கவில்லை. பழைய கண்ட்ரோலரில் த்ரெட் சைக்கிள் ஒரு ஆப்ஷன், மேக்ரோ ஒரு ஆப்ஷன் என்று ஒவ்வொன்றுக்கும் தனி விலை இருந்தது. மெஷினுக்குள் ஏற்கெனவே இருப்பதைத் திறந்துவிடுவதற்குக் காசு.

பால் ஸ்க்ரூவில் சக் பக்கம் கொஞ்சம் தேய்மானம் உண்டு, பழைய மெஷின்தானே. டயல் கேஜை வைத்து அங்கங்கே அளந்து, எவ்வளவு பிசகு என்று ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதிக் கொடுத்தால் அதைப் பார்த்து லினக்ஸ்சிஎன்சியே திருத்திக்கொள்கிறது. அந்தக் கோப்பும், ஹால் ஃபைலும், மெஷினின் அளவுகள் இருக்கிற ஐஎன்ஐ ஃபைலும், என் சப்ரூட்டீன்களும் சேர்ந்து ஒரு ஃபோட்டோ அளவுகூட வராது. மூன்று பென்டிரைவில் இருக்கிறது. ஒன்று வீட்டில், ஒன்று பட்டறையில், ஒன்று தங்கச்சி வீட்டில், ராமநாதபுரத்தில். 1964 புயலைப் பார்த்த ஊரில் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழ் வைக்கக் கூடாது என்று அப்பா சொல்வார். கம்ப்யூட்டர் நாளைக்குச் செத்தால் வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி அதே நாளில் மெஷினை ஓட்டலாம். ஏற்கெனவே ஒன்று செத்தது, அப்படித்தான் ஓட்டினேன்.

இதெல்லாம் கேட்டுவிட்டு நாளைக்கே கண்ட்ரோலரைக் கழற்ற ஸ்பேனர் எடுக்கிறவர்களுக்குச் சில விஷயம்.

ஜிபிஎல் உரிமத்தில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள்: எந்த உத்தரவாதமும் இல்லை. விரல் போனால் கேட்க ஆளில்லை. அதனால் எமர்ஜென்சி ஸ்டாப்பை மென்பொருளை நம்பி விடவே கூடாது. சிவப்பு பட்டனை அடித்தால் கான்டாக்டர் விழுந்து டிரைவுக்குப் போகிற கரண்ட் அறுபட வேண்டும். கம்ப்யூட்டர் தொங்கி நின்றாலும் அது நடக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு அந்தச் செய்தி தகவலாகப் போனால் போதும். காக்கா இதில் ஒரு இம்மிகூட விட்டுக்கொடுக்கவில்லை. லிமிட் சுவிட்ச், கதவு சுவிட்ச் எல்லாவற்றையும் அந்த ஒயர் வரிசையிலேயே போட்டார். பணம் போட்டுத் தொழில் செய்கிற எவரும் இதில் கை இறுக்கக் கூடாது.

படிக்கவும் வேண்டும். கையேடு முழுக்க இங்கிலீஷ், கெட்டியான புத்தகம். ஐடிஐயில் டர்னர் படித்த எனக்கு, மெஷினுக்குக் கட்டளை எழுதுகிற ஜி-கோட் தெரியும், லினக்ஸ் தெரியாது. கற்றுக்கொள்ள சாயந்திரங்களைச் செலவழிக்க வேண்டியிருந்தது. அந்த நேரம் இல்லாதவர்கள், ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் ஒரே சாமான் அடிக்கிறவர்கள், ஐந்து அச்சு மெஷினில் மோல்டு செய்கிறவர்கள் பெரிய கம்பெனி கண்ட்ரோலரே வாங்கட்டும், அவர்களுக்கு அது தகும். வாரண்டியும் வாசலில் ஆளும் கிடைக்கிற ஊரில் அதற்கு அர்த்தம் உண்டு. தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை உள்ள பட்டறைகளுக்கு நான் அதை வாங்கச் சொல்ல மாட்டேன். நம்மிடம் இருப்பது பழைய மெஷின், பல தினுசு வேலை, தூரம்.

லேத் வேண்டாம், சின்னதாகத் தொடங்க வேண்டும் என்கிறவர்களுக்கு ஜிஆர்பிஎல் என்கிற கண்ட்ரோலர் மென்பொருள் இருக்கிறது. அதுவும் ஜிபிஎல்தான். நார்வேக்காரர் ஒருவர் 2009-ல் தொடங்கியது. ஆர்டுயினோ ஊனோ என்கிற, உள்ளங்கையில் அடங்குகிற போர்டிலேயே மூன்று அச்சை ஓட்டும். உச்சிப்புளியில் ஒரு தம்பி இதை வைத்து மர ரூட்டர் கட்டியிருக்கிறான். வார்ப்புக்கு மாதிரிக் கட்டை செதுக்குகிறான், ராமேஸ்வரம் சங்குக் கடைகளுக்குப் பெயர்ப் பலகையும் செய்து கொடுக்கிறான். படம் வரைவது ஃப்ரீகேடில், அதுவும் கட்டற்றது, 2024 நவம்பரில் 1.0 பதிப்பு வந்த பிறகு நன்றாகவே நிலைத்து ஓடுகிறது. லைசென்ஸ் தீர்ந்துவிட்டது என்று அவனுக்கு எந்த நாளும் கம்ப்யூட்டர் சொல்லப்போவதில்லை. இந்தக் கரையில் பையன்கள் பிளஸ் டூ முடித்து கப்பலுக்கோ வளைகுடாவுக்கோ போகிறார்கள். அவன் இங்கேயே உட்கார்ந்து தொழில் செய்கிறான். இதைச் சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

யாரிடமாவது கண்ட்ரோலர் செத்து மூலையில் கிடக்கிற நல்ல மெஷின் இருந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். கழற்றுவதற்கு முன்னால் பேனலுக்குள் ஒவ்வொரு ஒயரையும் நம்பரோடு ஃபோட்டோ எடுங்கள். டிரைவின் மேல் ஒட்டியிருக்கிற லேபிளையும் மோட்டாரின் பிளேட்டையும் எடுங்கள். டிரைவ் வோல்ட் கேட்கிறதா, ஸ்டெப்–டைரக்‌ஷன் பல்ஸ் கேட்கிறதா என்பதைப் பொறுத்து போர்டு மாறும். கம்ப்யூட்டரில் லினக்ஸ்சிஎன்சியை ஏற்றி, மெஷின் எதுவும் இல்லாமலே சிமுலேஷனில் ஓட்டிப் பழகலாம். உங்கள் வழக்கமான புரோகிராமை அதில் கொடுத்துப் பாருங்கள், டூல் போகிற பாதையைத் திரையில் காட்டும். என் ஹால், ஐஎன்ஐ ஃபைல்களைக் கேட்டால் தருகிறேன், ஆனால் அப்படியே போட்டு ஓட்டாதீர்கள். ஸ்கேல், லிமிட், என்கோடர் எண்ணிக்கை எல்லாம் உங்கள் மெஷினுக்கு வேறாக இருக்கும்.

பிறகு லேட்டன்சி டெஸ்ட்டை ஒரு ராத்திரி முழுக்க ஓட விட்டு, காலையில் அதிகபட்சத் தாமதம் என்று காட்டுகிற எண்ணை எழுதி எடுத்து வாருங்கள். அந்த எண்ணும் ஃபோட்டோக்களும் இருந்தால் எந்த போர்டு போதும், எதை மிச்சம் பிடிக்கலாம் என்று பட்டறையில் உட்கார்ந்து பேசிவிடலாம்.